எண்பது விழுக்காட்டு உயிர்

சான்று பெற்ற விதை நெல் மூட்டையின் வாயில் நீல அட்டை ஒன்று தைத்திருக்கும். பயிர், ரகம், குவியல் எண், பரிசோதித்த நாள், காலாவதி நாள் ஆகியவற்றோடு முளைப்புத்திறன் என்ற வரியும் மூட்டையோடு வரும். நெல்லுக்கு அந்த எண் 80 சதவீதத்துக்குக் கீழே போகக்கூடாது என்பது விதி. மக்காச்சோளத்துக்கு 90, பயறு வகைகளுக்கு 75, நிலக்கடலைக்கு 70, மிளகாய்க்கு 60. விதைப் பரிசோதனைக் கூடங்களில் காலம் கழித்த எங்களைப் போன்றவர்கள் வாழ்நாளெல்லாம் கணக்கிட்டு அனுப்பியது இந்த எண்களைத்தான். வாங்குகிறவர் இதைப் படிக்கும் விதம் வேறு. நூறு விதை போட்டால் எண்பது செடி என்று படிக்கிறார். கடைக்காரரும் அப்படியே சொல்லி விற்கிறார். கூடத்துக்கும் வயலுக்கும் நடுவில் எழும் சச்சரவுகளில் கலப்பட விதையால் வருபவை உண்டு, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் இந்த ஒரு வரியை இரு தரப்பும் இரு விதமாகப் படிப்பதால் வருபவையும் ஏராளம். இதைத் தொழிலுக்குள் இருப்பவர்கள் அறிவோம். வெளியே சொல்வதுதான் குறைவு. ‘உயிர் பிழைக்கும் திறன்’ என்பது விதைக்குள் அளந்து கண்டுபிடிக்கும் ஒரு பொருள் போல நாம் பேசிப் பழகிவிட்டோம். அது எப்போதும் ஒரு கேள்விக்கான பதில். கேள்வியை அட்டையில் அச்சிடாமல் பதிலை மட்டும் அச்சிடுகிறோம்.

அந்தக் கேள்வி என்னவென்று பார்க்கலாம். பல மூட்டைகளில் எடுத்துக் கலந்த மாதிரியிலிருந்து 400 விதைகளை எண்ணி, நூறு நூறாக நான்கு பங்கு வைக்கிறோம். நெல்லில் 400 விதை என்பது ஏறத்தாழ 10 கிராம். அது பேச வேண்டியது டன் கணக்கான குவியலுக்காக. எண்ணிக்கைக் கணிதப்படி, உண்மையில் 80 சதவீதம் முளைக்கும் குவியலில் 400 விதை எடுத்துப் பார்த்தால் 76-ம் வரலாம், 84-ம் வரலாம். இரண்டிலும் யார் தப்பும் இல்லை. விதைகளை ஈரக் காகிதச் சுருளிலோ சலித்துக் கழுவிய மணலிலோ வைத்து, அந்தப் பயிருக்குப் பிடித்த வெப்பத்தில் விடுகிறோம். நெல்லுக்கு 5-ம் நாள் முதல் எண்ணிக்கை, 14-ம் நாள் கடைசி எண்ணிக்கை. பூஞ்சாணம் தொற்றிய மண் இல்லை, மேலே இறுகும் பொருக்கு இல்லை, எறும்பு இல்லை, தண்ணீர் தேங்குவதில்லை. ஆக, ‘எந்தத் தொந்தரவும் இல்லாத இடத்தில், பதினான்கு நாள் பொறுத்தால், இவற்றில் எத்தனை ஒழுங்கான நாற்றாக வரும்?’ என்பதே கேள்வி. மதிப்புள்ள கேள்விதான். ஆனால் அது விவசாயி கேட்கும் கேள்வி இல்லை.

முடிவை எழுதும் படிவத்தில் வகைகள் ஐந்து. இயல்பான நாற்று, இயல்பற்ற நாற்று, கடின விதை, புதிதாகவே இருந்து முளைக்காத விதை, செத்த விதை. முதல் வகைதான் அட்டைக்குப் போகும் எண். வேர் ஓடாமல் குருத்து மட்டும் நீட்டியதும், குருத்து முறுக்கிக் கொண்டு நிற்பதும் இயல்பற்றவை. உயிர் இருக்கிறது, கணக்கில் இல்லை. கடின விதையின் தோல் தண்ணீரை உள்ளே விடாது. பதினைந்து நாள் ஈரத்தில் கிடந்தாலும் போட்டபடியே இருக்கும். நான்காம் வகை தண்ணீரை உறிஞ்சி ஊதியிருக்கும், அழுத்தினால் கெட்டியாக இருக்கும், ஆனால் முளைக்காது, அது உறங்குகிறது. ஐந்தில் நான்கு வகைகளில் உயிர் உண்டு. ஒரு வகைதான் பிணம். இன்னும் ஒன்று. பயறு வகைகளுக்கான சான்றுத் தர விதியில் 75 என்ற எண் கடின விதையையும் சேர்த்துத்தான் எழுதப்பட்டிருக்கிறது. முளைக்காமல் கிடந்த விதை, முளைப்புத்திறன் என்ற வரிக்குள்ளேயே நிற்கிறது. அது தவறென்று நான் சொல்லவில்லை. கடின விதை பிறகு மெல்ல ஈரம் ஏறி முளைக்கவும் கூடும். ஆனால் ஒரே தலைப்பின் கீழ் நெல்லுக்கு ஒரு பொருளும் உளுந்துக்கு வேறொரு பொருளும் இருப்பது அட்டையைப் பார்ப்பவருக்குத் தெரியாது.

ஈரக் காகிதம் பதினான்கு நாள் கேட்கிறது என்பதால் ஒரே நாளில் பதில் சொல்லும் முறை ஒன்றும் எங்களிடம் உண்டு. ஜெர்மனியின் ஹோஹென்ஹைமில் கியோர்க் லாகோன் 1940-களில் நிலைநிறுத்திய டெட்ராசோலியம் சோதனை அது. நிறமில்லாத ஓர் உப்புக் கரைசலில், ஊறவைத்து நெடுக்காகப் பிளந்த விதையைப் போட்டால், மூச்சு விடும் திசு சிவக்கும். செத்த திசு வெளுத்தே கிடக்கும். மக்காச்சோள முளைக்கரு இரண்டு மூன்று மணி நேரத்தில் செக்கச் சிவந்து நிற்பதைப் பார்க்கிற எவருக்கும் இதுதான் உயிர், வேறென்ன வேண்டும் என்று தோன்றும். அந்தச் சிவப்பு சொல்வது ஒன்றே: இந்தத் திசுவில் மூச்சு நடக்கிறது. உறக்கத்தில் இருக்கும் விதையும் அதே சிவப்பு காட்டும். சாயம் எந்த இடத்தில் ஏறியிருக்கிறது, வேர் நுனி வெளுத்திருக்கிறதா என்று பார்த்துப் பிரிக்கக் கண் பழக வேண்டும். ஒரே குவியலுக்கு இந்தச் சோதனை 95 என்றும் காகிதச் சுருள் 60 என்றும் சொன்னால் ஏதோ ஒரு கூடம் ஏமாற்றுகிறது என்று நினைக்க வேண்டியதில்லை. வித்தியாசமான 35, உறங்குகிற விதையாக இருக்கலாம். இயல்பற்ற நாற்றாகப் போனதாகவும் இருக்கலாம். உயிர்ப்பு வேறு, முளைப்பு வேறு என்ற பாடத்தை இதைவிடத் தெளிவாக எந்தப் புத்தகமும் சொல்லித் தராது.

உறக்கத்தைக் குறையாக மட்டும் எழுதிவைப்பதும் நியாயமில்லை. கொத்துக் கடலைக்கு உறக்கம் மிகக் குறைவு. பறிப்பு தள்ளிப்போய் மழை பிடித்துக் கொண்டால் மண்ணுக்குள்ளேயே காய் முளைத்துவிடும். கொடிக் கடலைக்கு உறக்கம் உண்டு; அந்த மழையில் தப்பும், ஆனால் அடுத்த பட்டத்துக்கு உடனே விதைக்க எடுத்தால் அடம் பிடிக்கும். காவிரிப் பாசனப் பகுதியில் குறுவை அறுவடை வடகிழக்குப் பருவமழையோடு மோதும்போது, உறக்கமில்லாத நெல் கதிரிலேயே முளைவிட்டு நிற்கும். சில வாரம் உறங்கும் ரகம் அதே மழையில் மானத்தைக் காப்பாற்றும். ஆனால் அந்த நல்ல ரகத்தின் மாதிரி அறுவடை முடிந்த கையோடு கூடத்துக்கு வந்தால், உறக்கம் கலைக்கும் நேர்த்தி எதுவும் செய்யாமல் பார்த்தால், 80-ஐத் தொடாமல் தோற்கும். பொட்டாசியம் நைட்ரேட் கரைசலில் ஊறவைத்தோ இளஞ்சூட்டில் வைத்தெடுத்தோ பார்த்தால் அதே விதை 90-க்கு மேல் எழும். வயலில் பிழைக்க வைத்த குணம் படிவத்தில் தோற்க வைக்கிறது. உயிர் பிழைக்கும் திறன் என்று எதைச் சொல்வது?

இந்தத் தொடருக்கு மூலமான ‘வயபிலிட்டி’ (viability) என்ற ஆங்கிலச் சொல் விதைக்காரர்கள் உண்டாக்கியதும் இல்லை. உயிர் என்ற பொருள்தரும் பிரெஞ்சுச் சொல்லிலிருந்து பிறந்து, பிறந்த குழந்தை தனித்து உயிரோடு இருக்கத் தக்கதா என்று தீர்மானிக்க மருத்துவரும் வழக்கறிஞரும் புழங்கிய சொல் அது. 1804-ல் வந்த பிரெஞ்சு உரிமையியல் சட்டம், அப்படித் தக்கதாகப் பிறக்காத குழந்தைக்குச் சொத்து வாரிசுரிமை இல்லை என்றது. அதாவது தொடக்கத்திலேயே அது இயற்கையை வருணிக்கும் சொல்லாக இல்லாமல் ஒரு வழக்கை முடிக்கும் சொல்லாக இருந்தது. யாரோ ஒருவர் ஒரு கோடு போட்டே ஆக வேண்டியிருந்தது. ஜெர்மனியின் தாராண்டில் 1869-ல் முதல் விதைப் பரிசோதனை நிலையம் தொடங்கிய ஃபிரீட்ரிக் நோபே, மோசடி விதை வணிகத்தைத் தடுக்க அதே மாதிரி ஒரு கோட்டைத் தேடினார். ஆனால் முளைக்கும் எண்ணிக்கை போதாது, முளையைத் தள்ளும் உந்துவிசை என்று இன்னொன்று இருக்கிறது என்று சில ஆண்டுகளுக்குள் அவரே எழுதினார். 1924-ல் பன்னாட்டு விதைப் பரிசோதனைச் சங்கம் அமைந்த பிறகும் பிணக்கு தொடர்ந்தது. ஐரோப்பியக் கூடங்கள் உகந்த சூழலில் சோதித்தன, அமெரிக்கக் கூடங்கள் மண்ணை ஒட்டிச் சோதிக்க விரும்பின. ஒரே குவியலுக்கு இரு கரையிலும் இரு எண். 1950-ல் வாஷிங்டன் மாநாட்டில் முளைப்பு என்பதை உகந்த சூழலுக்கு மட்டும் வைத்துக்கொண்டு, மண்ணில் தாக்குப்பிடிப்பதற்கு வேறு சொல்லும் வேறு சோதனையும் வேண்டும் என்று பிரித்துப் பேசினார்கள். நம் நாட்டில் 1966-ம் ஆண்டு விதைச் சட்டமும் 1968-ம் ஆண்டு விதிகளும் அந்தப் பிரிவில் முதல் பாதியைத்தான் எடுத்துக்கொண்டன.

சேமிப்பில்தான் இந்தச் சொல் எவ்வளவு நிபந்தனைக்கு உட்பட்டது என்பது அப்பட்டமாகத் தெரிகிறது. விதையின் ஈரம் ஒரு சதவீதம் குறைந்தால் ஆயுள் இரட்டிக்கும், சேமிக்கும் இடத்தின் வெப்பம் 5 பாகை குறைந்தால் ஆயுள் இரட்டிக்கும் என்ற விதை ஆய்வாளர் ஹாரிங்டனின் கணக்கு எங்கள் தொழிலில் வாய்ப்பாடு மாதிரி. ஈரம் 5 முதல் 14 சதவீதம் வரை இருக்கும்போது செல்லும் தோராயம் அது. சாதாரணச் சாக்கில் நெல்லுக்கு 13 சதவீதம், காற்றுப் புகாத உறையில் 8 சதவீதம் என்று விதி வகுத்திருப்பதன் பின்னால் இந்தக் கணக்கே இருக்கிறது. நன்கு காயவைத்த நெல்லை வைக்கோல் பிரியில் கோட்டை கட்டி மேலே சாணமும் மண்ணும் மெழுகியவர்களும், துவரைக்குச் செம்மண் பூசியவர்களும், காய்கறி விதையைச் சாம்பலில் புரட்டியவர்களும் இந்த எண்கள் இல்லாமலே வேலையை முடித்தார்கள். ஆனால் ‘நன்றாகக் காயவை’ என்ற பொதுவிதியை ரப்பர் விதையிடம் கொண்டுபோனால் அது செத்துவிடும். 1876-ல் ஹென்றி விக்கம் பிரேசிலிலிருந்து சுமார் 70,000 ரப்பர் விதைகளை இலண்டன் கியூ தோட்டத்துக்குக் கொண்டுவந்தார். முளைத்தவை நூற்றுக்கு நான்குகூட இல்லை. பிழைத்த நாற்றுகளில் பெரும்பகுதி அதே ஆண்டு இலங்கைக்குப் போனது; ஹெனரத்கொட தோட்டத்தில் ஊன்றினார்கள். அடுத்த ஆண்டு சில நாற்றுகள் சிங்கப்பூர் சேர்ந்தன. பிற்பாடு மலாயாவில் தமிழர்கள் பால் வெட்டிய தோட்டங்கள் விரிந்தது இந்த மிச்சத்திலிருந்துதான். பலா, மா, கொக்கோ எல்லாம் ரப்பரின் இனம்: ஈரம் வடிந்தால் உயிரும் வடியும். 1973-ல் விதை ஆய்வாளர் இ.எச். ராபர்ட்ஸ் விதைகளை உலர்வு தாங்குபவை, தாங்காதவை என்று இரண்டாகப் பிரித்தார். பின்பு 1990-ல் காப்பி விதையை வைத்து இடைப்பட்ட வகை ஒன்றும் சேர்ந்தது. ஒன்றைக் காப்பது இன்னொன்றைக் கொல்கிறது என்றால், சூழல் சொல்லாமல் ஆயுள் சொல்வது எப்படி?

இதற்கு எதிராக வழக்கமாக எடுத்துவைப்பது பழைய விதைகளின் கதை. இஸ்ரேலின் மசாடா கோட்டையில் 1960-களில் தோண்டியெடுத்த, ஏறத்தாழ 2,000 ஆண்டுப் பழைய ஈச்சங்கொட்டை 2005-ல் முளைத்தது. மெதூசலா என்று பெயரும் வைத்தார்கள். விதைக்குள் உயிர் என்று ஒன்று குடியிருந்து காத்திருந்தது, சூழலுக்கு அதில் என்ன வேலை என்று கேட்கிறார்கள். சாக்கடல் ஓரத்து வறட்சியில் அது கிடந்தது. முளைக்க வைத்தவர்கள் வெதுநீரில் ஊறவைத்து, வளர்ச்சி ஊக்கியும் ஊட்டமும் கொடுத்துப் பாடுபட்டார்கள். அதே கொட்டை நாகப்பட்டினம் கரையோர ஈரக்காற்றில் கிடந்திருந்தால் இரண்டாயிரம் ஆண்டு என்ற பேச்சே இருக்காது. தாவரவியலாளர் வில்லியம் பீல் 1879-ல் மிச்சிகனில் 20 புட்டிகளில் ஈரமணலோடு களைவிதைகளைப் புதைத்தது இன்னும் நல்ல சான்று. 2021-ல் 142 ஆண்டு கழித்து ஒரு புட்டியை இரவில், பச்சை விளக்கொளியில் எடுத்தார்கள். வெளிச்சம் பட்டாலே சில விதை முளைக்கத் தொடங்கிவிடும் என்பதால். வெர்பாஸ்கம் என்ற களை அப்போதும் முளைத்தது. புதைத்த 21 இனங்களில் மற்றவை ஏறக்குறைய எல்லாம் போய்விட்டன. ஒரே புட்டி, ஒரே மணல், ஒரே இருட்டு. இனத்தின் இயல்பும் கணக்கில் உண்டு என்பதை நான் முழுமனதாக ஒப்புக்கொள்கிறேன். பீலின் புட்டி அதைத்தான் நிரூபிக்கிறது. ஆனால் அந்த இயல்பு வெளிப்படுவதற்கும் இருட்டும் புதைப்பும் வேண்டியிருந்தன. தனியாக நிற்கும் எண் எங்குமே கிடைக்கவில்லை.

‘தக்கது’ என்ற தீர்ப்பும் கேட்பவரைப் பொறுத்து மாறுகிறது. பருத்தி ரக விதைக்கு 65 சதவீதம் இருந்தால் விற்கலாம். மரபணு வங்கிக்காரருக்கு, தொடக்கத்தில் இருந்த முளைப்பில் 85 சதவீதத்துக்குக் கீழே இறங்கினால் அந்த மாதிரி ஆபத்தில் இருக்கிறது. எடுத்து மறுபடி விளைவித்துப் புது விதை எடுக்க வேண்டும். கழித்தல் 18 பாகைக் குளிரில் காத்த விதைக்கு அந்த நியமம்; கொட்டகையில் அடுக்கிய மூட்டைக்கு இந்த நியமம். இரண்டும் சரியே, ஏனென்றால் இருவரும் வேறு வேறு காரியத்துக்காகக் கேட்கிறார்கள்.

இனி, விவசாயி உண்மையில் கேட்கும் கேள்விக்கு வருகிறேன். ஒரே 85 சதவீத அட்டை தைத்த இரண்டு குவியல்களில் ஒன்று வயலில் நான்காம் நாள் ஒரே சீராக எழுந்து நிற்கும். மற்றது பத்து நாள் இழுத்து, மேடு பள்ளமாக வந்து, ஒரு மழைப் பொருக்கில் பாதி அடங்கிப்போகும். காகிதச் சுருளில் ஐந்தாம் நாள் முளைத்ததும் பதினான்காம் நாள் முளைத்ததும் ஒன்றாகவே கூட்டப்படுவதால் இந்த வேறுபாடு அட்டையில் மறைந்துவிடுகிறது. நோபே சொன்ன உந்துவிசை இதுதான். இதை அளக்க வழி உண்டு. சோயாவுக்கு 41 பாகையில், நீராவி நிறைந்த பெட்டியில் மூன்று நாள் வைத்துப் பிறகு முளைக்கப் போடும் முறை நெடுநாளாகப் புழக்கத்தில் இருக்கிறது. தளர்ந்த குவியல் அங்கே சரியும், திடமான குவியல் தாங்கும். நம் பாடப்புத்தகங்கள் இந்தக் குணத்தை ‘வீரியம்’ என்று எழுதின; இடறியது அங்கேதான். வீரிய விதை என்றால் நாட்டில் எல்லோருக்கும் ஒட்டு விதை. வீரிய ஒட்டு ரகம் என்று ஐம்பது ஆண்டாகச் சுவரெல்லாம் எழுதிய பிறகு, ‘இந்தக் குவியலுக்கு வீரியம் குறைவு’ என்று கூடம் அறிக்கை கொடுத்தால் ‘இது ஒட்டு ரகம் இல்லை’ என்றே புரிந்துகொள்வார்கள். கிராமத்தில் இதற்குச் சொல் இல்லாமல் இல்லை. முளையில் தெம்பு இல்லை என்பார்கள். உயிர்ப்பு, முளைப்பு, தெம்பு என்ற மூன்று சொல் போதும். மூன்றும் வழக்கில் இருப்பவை. கலைச்சொல் அகராதிகள் ஏன் இதைத் தாண்டிப் போய்த் தேடின என்பது எனக்கு இன்றுவரை வருத்தம்.

முன்பு தெம்புக் குறைவு பெரிதாகத் தெரியாமல் போனதற்குக் காரணம் உண்டு. நாற்றங்காலில் அள்ளித் தெளித்தார்கள். குறுகிய கால நெல்லுக்கு ஏக்கருக்கு 24 கிலோ என்ற பரிந்துரையைத் தாண்டியும் போட்டார்கள். வராததை வந்தது மறைத்தது. ஒற்றை நாற்று நடவு வந்தபோது விதை அளவு ஏக்கருக்கு 3 கிலோவாக இறங்கியது. இயந்திர நடவுக்குப் பாய் நாற்றங்கால், காய்கறிக்குக் குழித்தட்டு. ஒரு குழி, ஒரு விதை. வெற்றுக் குழி இப்போது கண்ணெதிரே கிடக்கிறது, தாமதமாக வந்த நாற்று இயந்திரத்துக்கு ஆகாது. விதையின் விலையும் ஏறியிருக்கிறது. பரிசோதனை முறை மட்டும், அள்ளித் தெளித்த காலத்துக் கேள்வியையே கேட்டுக்கொண்டிருக்கிறது.

உகந்த சூழலைத் தவிர வேறெதிலும் சோதித்தால் கூடத்துக்குக் கூடம் எண் மாறும், மாறும் எண்ணை வைத்துச் சட்டம் நடத்த முடியாது என்பார்கள் என் சக தொழிலாளர்கள். வலுவான மறுப்பு அது. 1950 மாநாட்டின் நியாயமும் அதுவே. அதனால்தான் அந்த 80-ஐ எடுத்துவிடச் சொல்லவில்லை. வணிகத்துக்கு ஒரு கோடு வேண்டும், அது எங்கும் ஒரே மாதிரி விழ வேண்டும். நான் கேட்பது, முதல் எண்ணிக்கையையும் பக்கத்தில் அச்சிடுவது. 5-ம் நாள் 70, 14-ம் நாள் 84 என்று போட்டால் புதுச் செலவு ஏதுமில்லை. அந்த எண் ஏற்கெனவே படிவத்தில் எழுதித்தான் கிடக்கிறது. பயறு அட்டையில் கடின விதை எவ்வளவு என்று தனியே போடுவதற்கும் அதே பதில். விவசாயி ஒரே எண்ணைத்தான் கேட்கிறார், இரண்டு எண் குழப்பும் என்ற வாதத்தை என்னால் ஏற்க முடியவில்லை. நீர்மட்டம், சந்தை விலை, பட்டம், மழை என்று ஒரே நாளில் பத்துக் கணக்குப் போடுகிறவர் அவர். ஆடிப் பட்டம் தேடி விதை என்ற பழமொழியே விதையைப் பட்டத்தோடு சேர்த்துத்தான் பேசுகிறது.

வழக்குக்குப் போனாலும் இந்தக் குறை கூடவே வருகிறது. வாங்கிய விதையில் கொஞ்சம் எடுத்து வைத்திருந்து சோதனைக்குக் கொடு என்று விவசாயியிடம் எதிர்பார்க்க முடியாது, அவர் வாங்கியதை முழுக்க விதைத்திருப்பார் என்பதை 2012-ல் உச்ச நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. நுகர்வோர் மன்றத்துக்குப் போகும் உரிமையையும் உறுதி செய்தது. பெரிய ஆறுதல் அது. ஆனால் மன்றத்தில் அதே குவியலின் மீதி விதையைச் சோதித்து 82 என்று அறிக்கை வந்தால், வயலில் பாதி வராமல் போனதற்கு அந்த அறிக்கையில் விடை இருக்காது. அது கேட்ட கேள்வியே வேறு.

அட்டை மாறும்வரை வீட்டிலேயே பார்த்துக்கொள்ளலாம். நூறு விதையை எண்ணி, நனைத்துப் பிழிந்த சாக்கில் வரிசையாகப் பரப்பிச் சுருட்டி, நிழலில் வைத்துக் காலை மாலை தண்ணீர் தெளிக்க வேண்டும். ஐந்தாம் நாள் பிரித்து எண்ணி எழுதிக்கொண்டு, மறுபடி சுருட்டிப் பத்தாம் நாளும் எண்ண வேண்டும். இரண்டு எண்ணும் அருகருகே இருந்தால் குழித்தட்டுக்கு அந்த விதையை நம்பலாம். விலகி நின்றால், மொத்த எண்ணிக்கை எண்பதைத் தாண்டியிருந்தாலும், அதை நாற்றங்காலில் கூடுதலாகத் தெளிக்கும் விதையாக ஒதுக்கி வைக்கலாம். முளைக்காமல் கெட்டியாகக் கிடப்பதைத் தூக்கி எறியாமல், இரண்டு வாரம் கழித்து அதே மூட்டையிலிருந்து இன்னொரு நூறு எடுத்துப் பார்ப்பது நல்லது.